மேல்கோர்ட்டுக்கு வழி சொன்ன கைருதீன் மரைக்காயர்

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஜாசின் ஊரிலிருந்தும் ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் வந்து கூடியிருக்கும் தாய்மார்களே, சகோதரர்களே!

நம் சங்கத்தின் துணைத்தலைவர், கோர்ட்டுத் துபாசியாயிருந்து ஓய்வுபெற்ற ஜனாப் கைருதீன் மரைக்காயர் அவர்கள், 1934 மார்ச் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை காலமானார்கள். அழைப்பில் திங்கட்கிழமை என்று அச்சாகியிருக்கிறது. அது பிழை, திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

துக்கப்பட வந்திருக்கிறோம். ஆனால் என் நெஞ்சில் துக்கத்தைவிடப் பயமே மிகுந்திருக்கிறது. ஏன்? வருகிற பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை, பால்மரம் வெட்டும் முனியாண்டியின் அப்பீல் பெரிய ஜட்ஜின் முன் விசாரணைக்கு வருகிறது. கங்காணியை அடித்ததாக அவனுக்கு ஆறு மாதச் சிறை. அவன் பக்கத்துச் சாட்சிகள் இருவரைக் கூப்பிடாமலே கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. மரைக்காயர்தாம் வக்கீலைப் பிடித்தார். மரைக்காயர்தாம் ஜாமீனில் மீட்டார். இன்று மரைக்காயர் இல்லை. முனியாண்டியும் இச்சபையில் இல்லை! நாளைக்கே கோர்ட்டுக்குப் போய் அப்பீல் வேண்டாமென்று சொல்லப்போகிறானாம்.

அவனைக் குற்றம் சொல்லலாமா? தோட்டத்தில் கங்காணியைத் தாண்டித் துரையிடம் போனவனுக்கு என்ன கிடைக்கும்? மறுநாள் வேலை கிடைக்காது. கோர்ட்டும் அப்படித்தான் என்று நம் ஜனங்கள் எண்ணுகிறார்கள். ஜனவரி இருபத்தெட்டாம் தேதி, நான் பக்கத்திலிருக்கவே, முனியாண்டியின் மனைவி இருசம்மாள் மரைக்காயரிடம் அதையே கேட்டாள்.

"மேஜிஸ்ட்ரேட்டு தொரைய மீறிப் போனா, கோவத்துல ஆறு மாசத்த ஆறு வருசமாக்கிற மாட்டாரா பாய்?"

"ஒங்க கங்காணி கோவிச்சுக்குவான் தாயி. இவரு கோவிச்சுக்க முடியாது. எதுக்கு இப்படித் தீர்ப்புச் சொன்னேன்னு எழுதி மேல அனுப்புறதே இவரு வேலதான்."

"மேல உள்ளவரும் தப்புப் பண்ணுனா?"

"அவருக்கு மேலயும் ஜட்ஜுங்க உண்டு. அதுக்கு மேல சீமையில உண்டு."

"அங்கயும் தப்புனா?"

"அப்பறம் எங்க அல்லாவும் ஒங்க மாரியாத்தாவும் பேசிக்கிட வேண்டியதுதான் லா!"

இருசம்மாள் சிரித்துவிட்டாள். அதன் பிறகே முனியாண்டி அப்பீல் மனுவில் கைநாட்டு வைத்தான்.

சபையோரே! 1908 முதல் 1931 வரை கோர்ட்டில் நின்று மொழிபெயர்த்தவர் அறிந்த உண்மை இது. ஒரே காலையில் எத்தனையோ வழக்குகளைக் கேட்கும் மனிதன் தவறமாட்டானா? தவறுவான் என்று சட்டமே ஒப்புக்கொண்டு, திருத்த இன்னொரு படியைக் கட்டியிருக்கிறது. மேல்கோர்ட்டு சொன்ன தீர்ப்புக்குக் கீழ்க்கோர்ட்டுகள் கட்டுப்படும். இல்லாவிட்டால் ஜாசின் ஏழைக்கு ஒரு நியாயம், பினாங்கு ஏழைக்கு வேறொரு நியாயம் என்றாகிவிடாதா? மேல்கோர்ட்டுக்குப் போவது மேஜிஸ்ட்ரேட்டை அவமதிப்பதன்று; அவரே நடக்கும் பாதையில் நாமும் நடப்பது.

வெற்றி நிச்சயமென்று நான் சொல்லமாட்டேன். மரைக்காயரும் சொன்னதில்லை. அப்பீல் தள்ளுபடியாகலாம். அந்த நினைப்பில் எனக்குத் தூக்கமில்லை. ஆனால் நாமே கைவிட்டால், கேட்கப்படாத அந்த இரு சாட்சிகளைப் பற்றி இனி எந்தக் கோர்ட்டும் கேட்காது. அவரை அடக்கம் செய்தோம். அவர் தொடங்கிய வழக்கையும் அடக்கம் செய்யலாமா?

ஜாமீன்பொறுப்பை இனி நான் ஏற்கிறேன். சங்கத்தார் வக்கீலுக்குத் துணையிருப்பார்கள். அம்மா இருசம்மா, பெண்கள் பக்கம் நீ உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. இன்றே அவனிடம் சொல். வியாழக்கிழமை கோர்ட்டு வாசலில் மரைக்காயரின் இடத்தில் நான் நிற்பேன். உள்ளே முனியாண்டி என்று கூப்பிடுவார்கள் தாயே. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது.