கடிக்காத ரொட்டி

மர்கிலான் ஊரில் என் கை ரொட்டிக்கு நல்ல பெயர் உண்டு, ஐயா. ஹம்தமும் அதை விரும்பித்தான் சாப்பிடுவான்.

செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போய், நிரபராதி என்று வெளியே வருகிறவர்களை என் வீட்டில்தான் தங்கவைக்கிறார்கள். வந்த புதிதில் அவர்களுக்குக் கதவைத் தாங்களே திறக்கத் தோன்றாது. யாராவது திறக்கும்வரை நின்றுகொண்டிருப்பார்கள். ஹம்தமும் அப்படித்தான் நின்றான். ஒரு கடைக்காரரைக் கொன்றதாக அவனை உள்ளே போட்டிருந்தார்கள். உண்மையில் கொன்றவன் வேறொரு வழக்கில் மாட்டி ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார்கள். கைப்பேசியில் பேசவும், சந்தைக்கூட்டத்தில் நடுங்காமல் நடக்கவும் நான்தான் பழக்கினேன். பெற்றவள்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள்.

தூரம் போகிறவன் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மீதியைச் சுவரில் மாட்டிவைப்போம். திரும்பி வந்து அவன்தான் அதைத் தின்ன வேண்டும். வேலை கிடைத்து என் வீட்டிலிருந்து போன எல்லோரும் கடித்துவிட்டுத்தான் போனார்கள். எல்லோரும் திரும்பி வந்தார்கள். வெளியுலகம் பொல்லாதது. நானும் அவர்களுடைய முதலாளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பேன்: பாவம், நிரபராதிதான், ஆனாலும் பெண்பிள்ளைகள் இருக்கிற இடம், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஹம்தம் இதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். தாஷ்கந்தில் தங்கை வீட்டோடு போய்விடுகிறேன் என்று மூட்டை கட்டினான். அங்கே என் வார்த்தை எடுபடாது. ரொட்டியை நீட்டினேன். வீட்டில் தங்கியிருந்த எல்லோர் முன்னாலும் தட்டிவிட்டான். தரையில் விழுந்ததைக் குனிந்து எடுக்கக்கூட இல்லை.

"நீங்களே தின்னுங்கக்கா. ஜெயில்லயாவது பூட்டு கண்ணுக்குத் தெரிஞ்சுது. நான் போய்ச் சேர்ந்ததும் இவங்களையும் ஒவ்வொருத்தரா கூட்டிக்கிறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நன்றி கெட்டவன். ஆனால் பனி கொட்டி வண்டிகள் நின்றுவிட்டதால் அன்று அவன் தங்க வேண்டியதாயிற்று.

"விடிஞ்சதும் போயிக்கோடா," என்றேன்.

"விடிஞ்சா ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்," என்றான்.

குளிரில் விறைக்கக் கூடாதே என்று அவன் அறை அடுப்பில் நானே நிலக்கரி போட்டேன். கரி எரிந்து தணிந்த பிறகுதான் புகைபோக்கியின் தகட்டை மூட வேண்டும். முன்பே மூடினால் நச்சுக்காற்று அறைக்குள்ளேயே தங்கிவிடும், தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். காலையில் பிணத்தை எடுக்க வந்த உங்கள் போலீஸ்காரர், பாவம், சிறையிலேயே கிடந்தவன், மறந்துபோய் மூடியிருப்பான் என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, ஐயா. செய்யாததற்கு அவன் ஒருமுறை பழி சுமந்தது போதும். தகட்டை அவன் தொடவே இல்லை. அவன் கண்ணயர்ந்ததும் நான்தான் மூடினேன். அவனுக்காக இதைக்கூடச் சொல்லாவிட்டால் நான் என்ன அக்கா?