எதிரொலி கூடாத அறையில் பிள்ளையார்

பேருந்தின் இரைச்சலில் பாதி கேட்டதை ஊகத்தால் நிரப்புவது முறையன்று. ஆகவே, என் காதில் தெளிவாக விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் மட்டுமே தருகிறேன். சீவலப்பேரியிலிருந்து நெல்லைக்குச் செல்லும் காலைப் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் ஒலிவாங்கிகளின் அளவீட்டைச் சரிபார்க்கும் கூடத்தில் பணிபுரிபவர். மற்றவர் அவருடைய மைத்துனர்.

“பிள்ளையார்தான் சத்தத்தைத் திருப்பி அனுப்புதாரு, மாப்ளே.”

“என்ன அத்தான் சொல்லுதிய?”

“எதிரொலி வரக்கூடாதுன்னு ரூம் முழுக்கக் கூம்பு கூம்பா பஞ்சு ஒட்டிருக்கு. முதலாளி பூசை போட்ட அன்னைக்கு அங்கன போயி கண்ணாடி போட்ட பிள்ளையார் படத்தை மாட்டிட்டாரு. சத்தம் அதுல பட்டுத் திரும்பி மைக்குல விழுது. அளவு பூரா தப்பு.”

“கழட்டிர வேண்டியதுதான?”

“முந்தி ஒருத்தன் கழட்டுனான். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாரு.”

“கண்ணாடிய மட்டும் எடுங்க.”

“பின்னால பலகை இருக்கே. அதுல பட்டும் சத்தம் திரும்பும்.”

“அப்போ பிள்ளையாருக்கும் பஞ்சை ஒட்டிருங்க.”

அத்தான் சிரிக்கவில்லை. மடியிலிருந்த துணிப்பையைச் சற்றே விலக்கிக் காட்டினார். துண்டில் சுற்றிய படச்சட்டம் ஒன்று உள்ளே இருந்தது.

“நேத்தே கழட்டிட்டேன். அளவு சுத்தமா வந்துட்டு. இன்னைக்கு முதலாளி வாராரு.”

மைத்துனர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“கதவுக்கு வெளிய மாட்டிருங்க. வெளிச்சத்தம் உள்ள போவாமக் காவல் காக்காருன்னு சொல்லுங்க.”

“அதையும் நீயே வந்து சொல்லு.”

நெல்லைச் சந்திப்பில் இருவரும் இறங்கினர். படம் எங்கே மாட்டப்பட்டது என்பதும், அவருடைய வேலை நிலைத்ததா என்பதும் எனக்குத் தெரியா.