பன்னெண்டாவது விருப்பம்

கணக்கு, சயின்ஸ் ரெண்டுலயும் உங்க பையன் முழு மார்க்குன்னா, கவலைப்பட வேண்டியது அவன் இல்ல சார், நீங்கதான். சுமாராப் படிக்கறதுங்களுக்கு ஒரு வழிதான் இருக்கும், நேராப் போயிடும். நல்லாப் படிக்கறதுங்களுக்குத்தான் ஊரே கூடி வழி சொல்லும். இஞ்சினியராக்குன்னு ஒருத்தர், டாக்டராக்குன்னு ஒருத்தர், வெறும் கணக்குப் படிச்சா யாரு வேலை குடுப்பான்னு ஒருத்தர். உதடு மரத்துப் போச்சா? நாக்கு நுனி? சரி, பேசாதீங்க, கன்னத்தைக் கடிச்சுக்குவீங்க. பையனை என்ன படிக்க வைக்கலாம்னு பல் டாக்டர்கிட்ட வந்து கேட்ட மொத ஆள் நீங்கதான்.

வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. உங்க பையன் மாதிரிதான், கணக்குப் பைத்தியம். மேல பாருங்க, கூரைப் பலகையில சின்னச் சின்னதா ஓட்டை தெரியுதா? எட்டு வயசுல இதே நாற்காலியில படுத்துக்கிட்டு, ஒரு பலகையில இத்தனை, குறுக்க இத்தனை பலகைன்னு பெருக்கி மொத்தத்தையும் சொன்னா. நான் எண்ணிப் பாக்கல. சரியாத்தான் இருக்கும்.

இப்ப அவளுக்கு எந்தப் படிப்பு, எந்தக் காலேஜ்னு ஆன்லைன்ல வரிசை போட்டு அனுப்பணும். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது. நேத்து உக்காந்து பன்னெண்டு போட்டா. மொதப் பதினொண்ணும் கணக்கு, காலேஜ்தான் வேற வேற. பன்னெண்டாவதா பல் மருத்துவம். ஏண்டி இதுன்னேன். உனக்காகத்தாம்மா, சும்மா இருந்துட்டுப் போகட்டும்னா. வர மாட்டாங்கன்னு தெரிஞ்சே சொந்தக்காரங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கற மாதிரி. அவ மார்க்குக்கு மொதல்ல என்ன இருக்கோ அதையே குடுத்துடுவாங்க, ரெண்டாவதுக்குக்கூட இறங்க மாட்டாங்க.

நானா? நானும் கணக்குதான் கேட்டேன். தலையை ஆட்டாதீங்க சார், உள்ள ஊசி இருக்கு. அப்ப காகித பாரம்தானே. நான் கணக்குன்னு பென்சில்ல எழுதி வச்சேன், அது மேல பேனாவுல எழுதறது எங்கப்பா. அவர் ரப்பரை எடுத்தாரு. தாள் கிழிஞ்சிடக் கூடாதுன்னு ஓரத்தை விரலால புடிச்சுக்கிட்டு நிதானமா அழிச்சாரு. துகளை ஊதி விட்டுட்டு இந்தப் பல் படிப்பை எழுதினாரு. கோவமே இல்ல அவர் மொகத்துல. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். கையெழுத்து அழகா இருக்குப்பான்னு சொன்னேன்.

குறை சொல்லல. வீடு இருக்கு, இந்த கிளினிக் இருக்கு, வர்றவங்க மரியாதையாத்தான் பேசறாங்க. இந்த ஊசி இருக்கு பாருங்க, உங்க பல்லு வேருக்குள்ள இருபத்தோரு மில்லிமீட்டர் போகணும். இருபதுன்னா அழுக்கு தங்கிடும், இருபத்திரெண்டுன்னா எலும்புல குத்தும். எனக்குக் கிடைச்ச கணக்கு இதுதான். எச்சில் முழுங்காதீங்க, குழாய் இழுத்துக்கும்.

போன மாசம் பொண்ணு ஒரு கணக்குல முட்டிக்கிட்டு நின்னா. சாப்பாட்டு மேசை பூரா தாளு, அத்தனையிலயும் கிறுக்கல். தட்டு எடுக்கப் போனவ எட்டிப் பாத்து, இந்த மூலையிலேர்ந்து ஒரு கோடு போட்டுப் பாருன்னேன். வந்துடுச்சு. என்னையே பாத்தா. நீயும் இதையே படிச்சிருக்கலாமேம்மான்னா. குத்திக் காட்டல சார், வெகுளியாத்தான் கேட்டா. நான் போய்த் தட்டைக் கழுவினேன். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினேன்.

அவ கணக்குப் படிக்கப் போறான்னா எனக்கு சந்தோஷமா இருக்கணும்ல? பெத்தவ. வரமாட்டேங்குது. தனியா உக்காந்து வர வச்சுக்கூடப் பாத்தேன். பொறாமைதான் வந்தது. அதுவும் ரெண்டு நாள்தான், அப்புறம் அதுவும் இல்ல. கேக்க நல்லா இல்லைன்னு தெரியுது. நீங்க திருப்பிப் பேச முடியாதேன்னுதான் சொல்றேன்.

மூடுங்க. லேசாக் கடிங்க. ஒசரமா இருக்கா? இல்லைல்ல. இந்தாங்க, கொப்பளிச்சுக்குங்க.

என்ன? அனுப்பியாச்சாவா? வீட்ல நெட் படுத்திருச்சு. பாஸ்வேர்டை எழுதிக் குடுத்து, கிளினிக்லேர்ந்து நீயே அனுப்பிடும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டா. காலையில மொதல்ல வந்த ஆளு போனதும் திறந்தேன். அந்தப் பன்னெண்டாவதை விரலால புடிச்சு மேல இழுத்தா மேல போயிடுது சார், அவ்வளவு லேசா இருக்கு. ஒண்ணாவது இடத்துல கொண்டுபோய் விட்டேன், அனுப்பிட்டேன். மத்தியானம் ஆச்சாம்மான்னு போன் பண்ணினா. ஆச்சுன்னேன்.

மாத்தலாம், மாத்த முடியாதுன்னு இல்ல. அஞ்சு மணி வரைக்கும் எத்தனை தடவை வேணாலும் திறந்து மாத்தலாம். இப்ப நாலு இருபதுதான் ஆகுது. போன் கூட அங்கதான் கிடக்கு, உங்க கண்ணாடிக்குப் பக்கத்துல.

எழுந்திருக்காதீங்க சார். பக்கத்துப் பல்லும் கெட்டுப் போயிருக்கு, மரத்துப் போன இடத்துலயே இருக்கறதால இன்னொரு தடவை குத்த வேண்டாம். நாப்பது நிமிஷ வேலை. வாயைத் திறங்க.