மூன்று கால் சேவல்

"பழசெல்லாம் கூடவே வருமா, சுசி?" என்று அண்ணி ஒருமுறை என்னைக் கேட்டாள். அப்போது நான் தீபாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, வரும் என்று தலையாட்டினேன். பின்னலை முடித்து ரிப்பன் கட்டிய பிறகுதான் அவள் என்ன கேட்டாள் என்பதையே யோசித்தேன்.

நீங்கள் அந்த நாற்காலிக்கு மாறி உட்காருங்கள் மேடம், இது ஆடும். எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், மலைக் கோயிலுக்குப் போயிருக்கிறார். படியேறி, கும்பிட்டு, யாரையாவது பிடித்துப் பேசிவிட்டு இறங்கி வர நேரமாகும். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்கள் வந்தது நல்லதுதான். அண்ணி சமையல்கட்டில் இருக்கிறாள். தீபா அவள் காலடியில் உட்கார்ந்து படம் வரைகிறாள். கேட்டால் கேட்கட்டும். சுமந்து சுமந்து எனக்கு அலுத்துவிட்டது.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். வகுப்பில் பேர் கூப்பிட்டால்கூட உள்ளேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மா இறந்த பிறகு பள்ளிக்கூடம் போகாமல் இருந்தேன். நான் வராததை அங்கே யாரும் உடனே கவனித்திருக்க மாட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

என் அண்ணன் கௌதமன் பள்ளிப்பட்டு ரோட்டில் நாகேந்திரன் அண்ணனுடைய விசைத்தறிக் கூடத்தில் கம்ப்யூட்டர் பார்த்தான். நூல் இருப்பு, தறிக்காரர்களின் கூலி, சரக்கு போன விவரம் எல்லாவற்றுக்கும் ஒரு மென்பொருள் எழுதினான். ஒருநாள் வண்டிச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு அவசரமாக வெளியே போனான். எங்கள் வீட்டில் கடைக்குப் போனால்கூட 'வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். அன்றைக்கு அவன் சொல்லவில்லை. கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் லாரி இடித்து அங்கேயே போய்விட்டான். அவன் மகள் தீபா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அண்ணி பானுப்ரியா ஆந்திராவில் நகரிப் பக்கத்துப் பெண். எங்களுக்கு உறவுதான். அண்ணனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். பி.சி.ஏ. பாதியில் கல்யாணமாகி வந்தவள், பட்டம் கிடையாது. பாவா விட்ட இடத்திலிருந்து கூடத்து வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவாள். தீபாவுக்குப் பால் மறக்கடித்தது, நடக்கப் பழக்கியது, ஊசி போடும்போது பிடித்துக்கொண்டது எல்லாம் நான். அண்ணியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. யாராவது சம்பாதிக்க வேண்டுமே.

நீங்கள் தேடி வந்த கருவியை அவள் அந்தப் பெரிய மென்பொருளுக்குள்ளேயே ஒரு ஃபோல்டராக எழுதினாள். ஒரு படத்தைக் கொடுத்தால் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தறியின் மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். சேலைக் கரையில் அந்தப் படம் அப்படியே விழும். சோதித்துப் பார்க்க ஒரு படம் வேண்டியிருந்தது. தீபா வரைந்த சேவல் கையில் கிடைத்தது. அதற்கு மூன்று கால்.

"ஏன்டி மூணு காலு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு வலிச்சா இன்னொண்ணு வேணுமில்ல அத்தே."

கீழே தன் பேரை எழுதியிருந்தாள். அப்போதுதான் எழுதக் கற்றிருந்தாள். துணைக்கால் மட்டும் தள்ளிப்போய் ஓரமாக நின்றது. அந்தச் சேவல் முதல் துணியில் வந்தபோது கூடமே சிரித்தது. அந்தத் துண்டைத் தீபா பொம்மைக்குச் சேலையாகக் கட்டிவிட்டாள்.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் நானும் கற்றுக்கொண்டேன். எதை எங்கே மாற்றினாலும் அதை ஒரு கமிட்டாகப் பதிய வேண்டும், யார், எந்தத் தேதியில், எதற்காக என்பது அதில் நின்றுவிடும், எழுதியதும் அந்தப் பதிவுகளும் சேர்ந்து இருக்கிற பெட்டகம்தான் ரெப்போ என்பதெல்லாம் அவள் சொன்னதுதான். "எனக்கு சர்டிபிகேட்டு இல்ல சுசி. இதான் என் சர்டிபிகேட்டு" என்பாள். தன் பாஸ்வேர்டையும் என்னிடம் கொடுத்திருந்தாள்.

பிறகு உங்கள் சென்னைக் கம்பெனியிலிருந்து நீங்கள் எழுதினீர்கள். கருவியை ஓப்பன் சோர்ஸாக வையுங்கள், எல்லா ஊர்த் தறிக்காரர்களும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்றீர்கள். எழுதியவரைச் சென்னைக்கு வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம், பட்டம் வேண்டாம், எழுதியது யார் என்று ரெப்போவைப் பார்த்தே தெரிந்துகொள்வோம் என்றீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். ஆனால் பெரிய ரெப்போவில் நாகேந்திரன் அண்ணனுடைய கூலி விவரமும் வியாபாரமும் இருந்தன. அதை ஊருக்குத் திறந்து வைக்க முடியாது. கருவியை மட்டும் பிரித்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கூடத்தில் புதுத் தறி இறங்குகிற சமயம், அண்ணிக்குக் கை ஒழியவில்லை. நான் செய்கிறேன் என்றேன். பழசெல்லாம் கூடவே வருமா என்று அவள் கேட்டது அப்போதுதான்.

அதற்கு இரண்டு வழி உண்டு. உங்கள் தொழில்தான், இருந்தாலும் என் பாஷையில் சொல்கிறேன். அந்த ஃபோல்டரைத் தொட்ட ஒவ்வொரு கமிட்டையும் பொறுக்கியெடுத்து, பேரோடும் தேதியோடும் புது ரெப்போவுக்குக் குடிவைக்கலாம். இல்லையென்றால் இன்றைக்கு இருக்கிற ஃபோல்டரை மட்டும் நகலெடுத்து, ஒரே கமிட்டாகப் போட்டுவிடலாம், பழைய பேரும் தேதியும் அதில் வராது. முதல் வழிக்கான கட்டளையை அண்ணி எனக்கு எழுதியே கொடுத்திருந்தாள்.

நான் இரண்டாவது வழியில் செய்தேன். காரணம் இல்லாமல் இல்லை. அண்ணி கமிட்டுகளில் என்னென்னவோ எழுதி வைத்திருந்தாள். தீபாவுக்கு ஜுரம், பாதிதான் முடித்தேன் என்று ஒன்று. பாவா இருந்திருந்தால் இந்தப் பிழையைப் பார்த்ததுமே பிடித்திருப்பார் என்று தெலுங்கில் ஒன்று. வீட்டு விஷயம் ஊருக்கு எதற்கு என்று நினைத்தேன். இப்போதும் அது தப்பான யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை.

புது ரெப்போவின் முதல் கமிட்டுக்கு ஒரு பேர் கொடுக்க வேண்டும். கௌதமன் என்று கொடுத்தேன். அவனுடைய பழைய மெயில் முகவரியையும் போட்டேன். முகப்பில் அவன் போட்டோவை வைத்து, கௌதமன் எழுதியது என்று ஒரு வரி எழுதினேன்.

வெளியிட்ட அன்று நாகேந்திரன் அண்ணன் கூடத்தில் பெரிய திரையில் அதைத் திறந்து வைத்து நைனாவைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் ஜிலேபி வாங்கி வைத்திருந்தார். அண்ணன் ஆரம்பித்து வைத்ததைத்தான் அண்ணி முடித்தாள் என்று கூடத்தில் எல்லோருக்கும் எண்ணம்.

"இன்னா பெரியவரே, இனிமே புள்ள பேரு அமெரிக்காகாரனுக்கும் தெரியுமே. நம்மள எல்லாம் கண்டுக்குவியா?"

"எங்க, காட்டு, காட்டு," என்று நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைக் கையால் தொட்டார். "எம்புள்ள பூட்டான் பூட்டான்னு சொன்னீங்களேடா எல்லாரும். எங்க பூட்டான்? தோ, இங்கதான கீறான்."

அண்ணி ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பாகு விரல் வழியாக வழிந்தது. மாமனார் அழுவதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த இடத்தில் எந்தப் பெண்ணால் வாய் திறக்க முடியும் மேடம்? செத்துப்போன புருஷன் பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போடுங்கள் என்று யார் சொல்வார்கள்? அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும்போதுதான் கேட்டாள்.

"ஏன் சுசி?"

"அண்ணன் பேரு எங்கனாச்சும் இருக்கட்டுமே அண்ணி. உனக்கு வேணாமா?"

"பாவா பேரு வேணாம்னு நான் சொல்லுவனா?" கொஞ்ச நேரம் ஒரே தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே சொன்னாள். "சரி வுடு. மாமா மனசு குளுந்து கீது, அப்டியே இருக்கட்டும். பெரிய ரெப்போல என்னுது எல்லாம் பத்திரமாத்தான் கீது. மேடத்துக்கு மட்டும் அதத் தனியா காட்டிடறேன்."

மறுநாள் அவள் கூடத்துக்குப் போன பிறகு பெரிய ரெப்போவைத் திறந்தேன். கருவி தனியாகப் போய்விட்ட பிறகு அதன் பழைய சுவடுகள் இங்கே எதற்கு, வீண் பாரம்தானே. பிரித்தெடுத்த பிறகு பழைய இடத்தைச் சுத்தம் செய்வது எல்லோரும் செய்கிற வேலைதான். அந்த ஃபோல்டரை மட்டும் ஆரம்பத்திலிருந்தே இல்லாதது போல எல்லாக் கமிட்டுகளிலிருந்தும் உருவி எடுத்தேன். அண்ணியின் பாஸ்வேர்டைப் போட்டு, சர்வரில் இருந்த பழையதன் மேல் புதியதை அழுத்தி ஏற்றினேன். கூடத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியை அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது மாற்றினேன். அவள் கை கழுவப் போயிருந்தாள். அவளுடைய லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கி வைத்தேன். லேப்டாப் திரையைக்கூடத் துடைத்து வைத்தேன், தீபாவின் விரல் ரேகை நிறைய இருந்தது.

நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது தெரியும். திரும்ப எடுக்க முடியாது. யாரும் தொடாத பழைய கமிட்டுகளை சர்வர் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு தானாகவே குப்பையில் தள்ளிவிடும். நான் அந்தக் கொஞ்ச நாள் பொறுத்திருந்தேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் போடாமல் அண்ணியைத் தள்ளிப்போட வைத்ததும் நான்தான். தீபாவுக்கு வயிறு சரியில்லை என்றேன். நைனாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றேன். ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குக் காட்ட அண்ணி பெரிய ரெப்போவில் தேடியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். திரையில் மேலே போனாள், கீழே வந்தாள், திரும்ப மேலே போனாள். கூலிக் கணக்கு இருந்தது, நூல் இருப்பு இருந்தது. அவள் எழுதிய கருவி அங்கே இருந்ததற்கு அடையாளமே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் தான எழுதுனேன், சுசி?"

அவளுக்கே ஐயம் வந்துவிட்டது போல இருந்தது அந்தக் குரல். "களைச்சுப் போய் கீற அண்ணி, போய்ப் படு," என்றேன்.

நீங்கள் போன் செய்தபோது நைனா எதிரில் உட்கார்ந்திருந்தார். சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை வைக்கச் சொன்னது அவர். மகனைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று வேட்டியைச் சரிசெய்து உட்கார்ந்தார். எழுதியது யார் என்று கேட்டீர்கள். அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆங், அவர்தான் மேடம். நான் சும்மா அங்கங்க தட்டிக் குடுத்தேன், அவ்ளோதான்."

பேத்தி தவழும்போதே மகன் போய்விட்டான் என்று நைனாவும் உங்களிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, கேட்டியா என்பது போலத் தலையை ஆட்டினார். அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சேவலைத்தான் நான் மறந்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். புது ரெப்போவில் சோதனைப் படங்கள் இருக்கும் இடத்தில் அதைப் பார்த்திருக்கிறீர்கள். தவழ்கிற பிள்ளையை விட்டுவிட்டுச் செத்துப்போனவன், அந்தப் பிள்ளை பேர் எழுதிப் பழகிய படத்தை எப்படி அங்கே வைத்திருக்க முடியும் என்று யோசித்திருக்கிறீர்கள். அதற்காக ரயிலேறி வந்திருக்கிறீர்கள். மறக்கவில்லை மேடம். அழிக்க வேண்டிய கோப்புகளில் அதையும் குறித்திருந்தேன். அழிக்கப் போய், துணைக்கால் தள்ளி நிற்பதைப் பார்த்தேன். அவள் விரலைப் பிடித்து அந்த எழுத்தை எழுதவைத்தது நான். அதை மட்டும் விட்டுவிட்டேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அண்ணன் பேருக்காகச் செய்யவில்லை. நைனாவுக்காகவும் இல்லை. அண்ணி தன் போனில் சென்னைப் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபா சீருடை போட்ட பிள்ளைகளின் படத்தை எனக்குக் காட்டினாள். "அத்தே, எது எனக்கு நல்லாக்கும், நீலமா, செவப்பா?" நீலம் என்றேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தெரிந்துதான் செய்தேன், ஒவ்வொன்றையும் தெரிந்துதான் செய்தேன். பேர் போனால் வேலை போகும், வேலை போனால் அவள் இங்கேயே இருப்பாள், அவள் இருந்தால் பிள்ளை இருக்கும்.

அண்ணி என்னையும் கூப்பிட்டாள், அதையும் மறைக்கவில்லை. "நீயும் வந்துடு சுசி, மாமாவையும் கூட்டினு போயிடலாம், மூணு ரூமு வீடா பாக்கறேன்" என்றாள். நல்லவள். ஆனால் இங்கே தீபா என் பிள்ளை. அங்கே போனால் அண்ணியின் பிள்ளையாகிவிடுவாள்.

அண்ணிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை நான். அவள் துணியைத் துவைக்கிறேன், அவளுக்குப் பிடித்த கோங்குரா துவையல் அரைத்து வைக்கிறேன். வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். யாருக்கும் நஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டாள் போலிருக்கிறது. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் மேடம், உட்காருங்கள். தீபாவின் துணிப்பையை எடுக்கிறாள், அது ஆணியில் மாட்டியிருக்கும். பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிடுகிறாள். கால் மாறிப் போட்டுவிட்டாள், தீபா சொல்கிறாள், சரிசெய்கிறாள். என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். இதோ, தாண்டுகிறாள். பிள்ளையின் கை அவள் கையில் இருக்கிறது. தெருவில் இறங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, 'வரேன்' என்றும் சொல்லவில்லை.

கவனித்தீர்களா மேடம், போகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை.