பெட்டிக்குள் மிச்சம் இருக்கும் ஒரு படம்

மேடைக்கு நடுவே வீற்றிருந்து, "சுருக்கமாகப் பேசுங்கள்" என்று கண்ணாலேயே என்னைக் கெஞ்சிக்கொண்டிருக்கும் தலைவர், மளிகைக்கடை தெய்வநாயகம் அவர்களே! நம் கொம்யூன் பஞ்சாயத்தின் தலைவரான மேர் அவர்களே! பாகூரிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் பெரியோர்களே! கரும்பு வெட்டிய கையைக் கழுவிவிட்டு அப்படியே வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மாரே! வயதில் இளையவர்களானாலும் வாசகசாலை நடத்தும் வல்லவர்களே! உங்களுக்கெல்லாம் முன்னே, நம் ஊரைக் காக்கும் கோகிலாம்பாளுக்கு என் முதல் கும்பிடு. அவளுக்கு அடுத்ததாக உங்கள் அனைவருக்கும்.

என் பெயர் தையலம்மாள். படித்தது மூன்றாம் வகுப்பு. பேசுவது அதற்கு மேலே என்று என் மருமகள் சொல்வாள். "காமிராவில் படம் பிடிப்பது எப்படி என்று பேசுங்கள் அம்மா" என்று வாசகசாலைப் பிள்ளைகள் கேட்டார்கள். வில்லியனூரில் எத்தனை பேர் இருக்க, இந்தக் கிழவியை ஏன் கேட்டார்கள்? காமிரா வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். வேறு காரணம் இல்லை.

என்ன ராமாயி, அங்கிருந்து கை நீட்டுகிறாய்? சத்தமாகக் கேள்.

"அக்கா, போட்டோ புடிச்சா ஆயுசு கொறையுமாமே?"

"பிலிம் கெடச்ச காலத்துலயே உன்ன நானு மூணு வாட்டி புடிச்சிருக்கேன்டி. போன தீபாவளிக்கு மூணு ஆள் பங்கு தோசைய நீ ஒருத்தியா தின்ன. எங்கடி கொறஞ்சுது?"

சிரியுங்கள், சிரியுங்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

என் ஒரே மகன் சிங்காரவேலு. பிழைப்புத் தேடிக் கடல் தாண்டிச் சைகோனுக்குக் கப்பலேறினான். நம் வீடுகளில் சைகோனுக்கு ஆள் அனுப்பாத வீடு எத்தனை? அவன் போகும்போது மருமகள் தனக்கொடிக்கு வயிற்றில் நான்கு மாதம். இதோ, முன்வரிசையில் அம்மா மடியில் சாய்ந்திருக்கிறாளே, ஆதிலட்சுமி, அவள் பிறந்தது அப்பன் போன பிறகு. பெற்ற பிள்ளையின் முகம் பார்க்காத தகப்பன் அவன். தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை இவள்.

பிள்ளை பிறந்த செய்தி போனதும் ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பெட்டிக் காமிரா கொடுத்து அனுப்பினான். "புள்ள மூஞ்சியயும் அவ மூஞ்சியயும் புடிச்சு அனுப்பும்மா." அவன் கேட்டது அவ்வளவுதான். கோட்டை கேட்டானா? கொடிமரம் கேட்டானா? முகம் கேட்டான்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளை ஊரை விட்டுப் போய்விட்டானே, கோபுரம் பார்க்க ஆசை இருக்காதா என்று கோபுரத்தைச் சேர்த்தேன். அவன் இழுத்த தேராயிற்றே என்று தேரைச் சேர்த்தேன். அவன் ஓட்டிய மாடு, மாட்டோடு வண்டி, வண்டியோடு வண்டிக்காரர். பிள்ளையை இடுப்பில் வைத்த தனக்கொடியோடு இத்தனையும் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று பின்னாலேயே நடந்து, நடந்து, குளத்துப் படிக்கட்டு வரைக்கும் போய்விட்டேன். இன்னும் ஓரடி வைத்திருந்தால் காமிராவும் நானும் தீர்த்தமாடியிருப்போம்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. காலையில் ராகுகாலம், அது போனால் எமகண்டம், அதற்கப்புறம் குளிகை. ராகுகாலத்தில் முதல் படம் எடுக்கலாமா? கூடாது என்று மாலை வரை காத்திருந்தேன். சூரியன் கோபுரத்துக்குப் பின்னே இறங்கிக்கொண்டிருந்தது. ஆகா, என்ன அழகு என்று விசையைத் தட்டினேன்.

இன்னொன்று. புருஷன் பார்க்கப்போகும் படம் அல்லவா? மங்களமாக இருக்கட்டும் என்று தனக்கொடி முகத்தில் மஞ்சளை அள்ளி அப்பினேன். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். கோயிலில் இருக்கும் அம்மனே இறங்கி வந்தாள் என்றார்கள் பார்த்தவர்கள்!

புதுச்சேரியில் படம் கழுவும் அரங்கநாதன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா ஆச்சி, அடுப்புக் கரியத் தடவி நிக்க வெச்சீங்களா?"

"மஞ்சப்பா அது! கஸ்தூரி மஞ்ச!"

"நம்ம கண்ணுக்குத்தான் அது மஞ்சள். இந்தப் பிலிமுக்கு மஞ்சளும் செவப்பும் கறுப்பாத்தான் வுழும். அதுவும் போதாதுன்னு முதுகுக்குப் பின்னால சூரியன் வேற. மூஞ்சி எப்படிம்மா தெரியும்?"

மங்களத்துக்கு என்று பூசியது முகத்தையே மறைத்துவிட்டது. கப்பல் புறப்பட இருந்தது. வேறு படம் இல்லை. அதையேதான் அனுப்பினேன். மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. "அம்மா, கோபுரம் தெரியுது. தேர் தெரியுது. மாட்டுக் கொம்பு கூடத் தெரியுது. எம் பொண்டாட்டி எதுன்னு மட்டும் தெரியல. எறும்பு மாதிரி ரெண்டு கறுப்பு ஒட்டிக்கிட்டுத் தெரியுது. அதுல பெரிய எறும்பு அவதானே?"

படித்துக் காட்டியதும் தனக்கொடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது.

தாய்மாரே! அன்றைக்குத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வைராக்கியம் வந்தது. அரங்கநாதன் கடையில் போய் உட்கார்ந்தேன். "சொல்லுப்பா, புரியிற மாதிரி சொல்லு" என்றேன். அவர் சொன்னதை என் அடுப்பு மொழியில் உங்களுக்குச் சொல்கிறேன்.

காமிரா என்பது இருட்டுப் பெட்டி. அதில் ஒரு துளை. துளை வழியாக வெளிச்சம் உள்ளே போய் பிலிமில் விழுகிறது. வெளிச்சம்தான் தீ. பிலிம்தான் அப்பளம். தீ பெரிதாக எரிந்தால் போட்டவுடன் எடுக்கிறோமா இல்லையா? தீ சிறிதானால் சற்றுப் பொறுக்கிறோமா இல்லையா? அதேதான்! வெயில் கொளுத்தினால் சின்னத் துளை போதும், கண் சிமிட்டும் நேரம் போதும். மேகம் மூடினால் பெரிய துளையைத் திறக்க வேண்டும். நிழலுக்குள் நின்றால் விசையைச் சற்றுப் பிடித்திருக்க வேண்டும், அப்போது காமிராவை ஒரு முக்காலி மேல் வைத்துவிட வேண்டும். வெளிச்சம் கூடிப்போனால் முகம் சுண்ணாம்பாய் வெளுக்கும். குறைந்துபோனால் புகை படிந்த சுவராய்க் கறுக்கும். இடையில் ஒரு பதம் இருக்கிறது. பதம் அறியாத பெண்பிள்ளை இந்தக் கூட்டத்தில் ஒருத்தி உண்டா?

அடுத்தது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது. சேர்ப்பது எளிது. விடுவதுதான், ஐயா, விடுவதுதான் கஷ்டம்! படத்தைப் பார்க்கப் போகிறவன் எதற்கு ஏங்குகிறான் என்று கேளுங்கள். அதை மட்டும் வையுங்கள். நான் மாட்டை விட்டேன். தேரை விட்டேன். கோபுரத்தை விடும்போது மட்டும் மனசு அடித்துக்கொண்டது. அம்மனிடமே போய்க் கேட்டேன். "தாயே, உன் கோபுரம் அங்கேயே இருக்கும். புள்ளயோட மூஞ்சி நாளுக்கு நாள் மாறுதே. நீ கொஞ்சம் தள்ளிக்கோ." அவள் கோபிக்கவில்லை. அவளும் பெற்றவள்தானே?

ஆனால் மஞ்சள்? சுமங்கலியை மஞ்சள் இல்லாமல் நிறுத்துவதா? புருஷன் கடலுக்கு அப்பால் இருக்கும்போது நிறுத்துவதா? தனக்கொடிதான் வழி சொன்னாள். "அத்தே, இடுப்புக்கு மேலதானே படத்துல வரும்? மஞ்சளக் கால்ல பூசிக்கிறேன்." அப்படியே செய்தாள். முகம் கழுவி, நெற்றியில் கடுகளவு குங்குமம் வைத்து, பிள்ளையை மார்போடு அணைத்து, பாதம் நிறைய மஞ்சளோடு நின்றாள். மங்களம் படத்துக்கு வெளியே நின்றது. முகம் படத்துக்கு உள்ளே வந்தது!

காலை வெயில் சாய்வாக வந்தது. சூரியன் என் தோளுக்குப் பின்னால். எட்டடி தள்ளி நின்றேன். அதற்குக் கிட்டே போனால் மங்கிவிடும். காமிராவை வயிற்றோடு அணைத்து, மூச்சை அடக்கி, தட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு அரங்கநாதன் கழுவிய கூலியைத் திருப்பிக் கொடுத்தார். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த பட்டம். பிள்ளையின் கண்ணில் ஓர் ஒளிப்புள்ளி கூடத் தெரிந்தது.

அந்தப் படம் சைகோன் கப்பலில் போனது. பின்னாலேயே உலகச் சண்டை வந்தது. கப்பல் நின்றது. கடிதம் நின்றது. படம் அவன் கைக்குப் போனதா? கடலுக்குப் போனதா? யாரைக் கேட்பேன்? அலையைக் கேட்பேனா, ஆகாயத்தைக் கேட்பேனா?

கடைகளில் பிலிமும் கிடைக்காமல் போயிற்று. அரங்கநாதன் கடையில் கடைசியாக ஒரே ஒரு சுருள் இருந்தது. எட்டுப் படம் பிடிக்கும். வாங்கி மாட்டினேன். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு படம், ஒன்றே ஒன்று. தவழ்ந்தவள் நடந்த வருஷம், பல் விழுந்த வருஷம், பள்ளிக்கூடம் போன வருஷம். அப்பன் பார்க்காத வருஷங்களை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். அந்தப் படங்களை நானும் பார்த்ததில்லை. சுருள் முடியாமல் கழுவ முடியாது. பாதியில் திறந்தால் வெளிச்சம் புகுந்து எல்லா வருஷமும் அழிந்துபோகும். பெட்டியின் முதுகில் சிவப்புக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் எண் தெரியும். ஏழு பொங்கல் போய், இப்போது எட்டு நிற்கிறது. ஒரே ஒரு படம்தான் மிச்சம்.

"சீக்கிரம் முடிங்க ஆச்சி. பிலிம் பழசாவுது, நம்ம ஊரு சூட்டுக்குக் கெட்டுப்போவும்" என்கிறார் அரங்கநாதன். நானும் பயந்து போய், இந்தப் பொங்கலன்று தனக்கொடியை நிறுத்தப் பார்த்தேன்.

"நிக்க மாட்டேன் அத்தே" என்றாள்.

"பிலிம் கெட்டுப்பூடுமாம்டி. எடுத்ததெல்லாம் போயிடும்."

"போனாப் போவட்டும். கடசிப் படத்துல அவரு இல்லாம நானு நிக்க மாட்டேன்."

எதிர்த்துப் பேசாத பெண். அன்றைக்குப் பேசினாள். காமிராவைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். தனக்கொடி, தலை நிமிர்ந்து உட்காரம்மா. ஊர் பார்க்கட்டும்.

சண்டை ஓய்ந்துவிட்டது. சைகோன் கப்பல் திரும்ப வரும் என்கிறார்கள். அவன் வருவான் என்று சொல்ல ஆள் இல்லை. வரமாட்டான் என்று சொல்லவும் ஆள் இல்லை. வருவான் என்று நான் சொல்கிறேன்! நம் வில்லியனூர் ஸ்டேஷனில் வந்து இறங்குவான் என்று சொல்கிறேன்! அந்தப் படத்தில் நான்கு பேர் நிற்க வேண்டும். அவன், அவள், அவர்கள் பிள்ளை. நான்காவது ஆள் நான். நானும் நிற்க வேண்டாமா? நான் நின்றால் விசையைத் தட்டுவது யார்?

அதற்காகத்தான் மேடை ஏறினேன், தாய்மாரே! உங்களில் யாரோ ஒருத்தி தட்டவேண்டும். ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் காலை வண்டியில் வந்தால் எங்களைக் கிழக்கே பார்த்து நிறுத்துங்கள். மாலை வண்டியில் வந்தால் மேற்கே பார்த்து நிறுத்துங்கள். ஸ்டேஷனைச் சேர்க்காதீர்கள், ரயிலைச் சேர்க்காதீர்கள். எட்டடி, அதற்குக் கிட்டே வராதீர்கள். நாங்கள் அழுதுகொண்டிருப்போம். அழுதால் உடம்பு குலுங்கும், குலுங்கினால் படம் கலையும். அதட்டுங்கள். ஒரு நொடி அடங்கி நிற்கச் சொல்லி அதட்டுங்கள்! இருட்டிய பிறகு வந்தானானால் தட்டவே தட்டாதீர்கள். விடியட்டும். இத்தனை வருஷம் காத்தவர்கள் இன்னும் ஓர் இரவு காத்திருக்கமாட்டோமா?

பொறுமையாய்க் கேட்ட தலைவருக்கும், கண் துடைப்பதை மறைக்கத் தெரியாத ராமாயிக்கும், கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. காமிரா நாளைக் காலை முதல் என் வீட்டு வாசலில் இருக்கும். பிலிமைச் சுற்றாமல், விசையைத் தொடாமல், பிடித்துப் பழக வாருங்கள். யார் கை நடுங்கவில்லையோ அவளுக்குக் கோகிலாம்பாள் துணை. வணக்கம்.