மூக்கில் ஒட்டிய சேறு

லீவு முடிஞ்ச மறுநாள்தான் மேடம் எனக்கு வேலை ஜாஸ்தி. பொங்கல் லீவோ பூஜை லீவோ, எது முடிஞ்சாலும் ஊர் சுத்திட்டு வந்த சனம் போனைத் தூக்கிட்டு என்கிட்டதான் வரும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருக்கேன். ஸ்பீக்கர் ஓட்டையில காது அழுக்கு, சார்ஜர் ஓட்டையில கடல் மணல், ஸ்கிரீன் மேல பஜ்ஜி எண்ணெய். அதையெல்லாம் சுரண்டிச் சுரண்டி எனக்கு மனுஷங்க மேலயே ஒரு அருவருப்பு வந்துபோச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. உள்ளதைச் சொல்லச் சொன்னீங்க, சொல்றேன்.

சாயந்திரம் ஆனா அதே சனம் போட்டோ அனுப்பும். பறவை பாக்கறவங்களுக்குன்னு நான் ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்தறேன், கடலூர்லேருந்து கிள்ளை வரைக்கும் அதுல ஆளுங்க இருக்காங்க. என்ன போட்டோன்னு கேக்கறீங்களா. பிச்சாவரத்துல படகுல உக்காந்துகிட்டு ஒருத்தி முப்பத்திரண்டு பல்லையும் காட்டிட்டு இருப்பா, அவ காதுக்குப் பின்னால பாதிக் கொக்கு நிக்கும். "சார், இது என்ன பறவை?" கண்றாவி. ஆனாலும் சொல்வேன். செம்பருந்துக் குஞ்சைப் பாத்துட்டு எல்லாரும் கரும்பருந்துன்னு சாதிப்பாங்க. வால் நுனி வட்டமா இருந்தா அது செம்பருந்து, பிளந்திருந்தா கரும்பருந்து, அவ்வளவுதான் விஷயம். இந்த மாதிரி ஒண்ணுபோல இருக்கறதைப் பிரிச்சுச் சொல்றதுல இந்தப் பக்கம் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கார்த்திகேசன் சொல்லிட்டாரா, அப்ப முடிஞ்சுதுன்னு குரூப்புல பேசுவாங்க. எனக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. அந்தப் பேரு ஒண்ணுதான் மேடம் இருந்தது.

ஜான்சின்னு ஒரு பொண்ணு. கடலூர்ல ஒரு லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. பொங்கல் லீவுக்குப் புருஷன் ராபர்ட்டையும் மக சுவேதாவையும் கூட்டிக்கிட்டு பரங்கிப்பேட்டை போயிருக்குது. வெள்ளாறு கடல்ல சேர்ற இடத்துல ஒரு சேத்து மேடு இருக்குதில்ல, அதுக்கு முன்னால மகளை நிக்க வெச்சு எடுத்த போட்டோ. புள்ள கை முழங்கை வரைக்கும் ஐஸ்கிரீம் ஒழுகுது. பின்னால குட்டிக் குட்டியா ஒரு கூட்டம் மேயுது. "அண்ணா, இதுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி மேஞ்சுதுங்க. மூக்கைச் சேத்துல வெச்சு வீடு பெருக்கற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்துச்சு"ன்னு எழுதியிருந்துது.

நான் ஒரு பார்வைதான் பாத்தேன். கொசு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், குளிர்காலத்துல கூட்டங்கூட்டமா வரும். அப்படித்தான் பதில் போட்டேன். யாரோ ஒருத்தர், கரண்டிமூக்கு உள்ளானா இருக்குமோன்னு இழுத்தார். உலகத்துலயே சில நூறுதான் மிச்சம் இருக்கற பறவை அது. மூக்கு நுனி கரண்டி மாதிரி அகலமா இருக்கும், ஆனா பக்கவாட்டுல பாத்தா அந்தக் கரண்டி தெரியாது, அச்சு அசல் கொசு உள்ளான்தான். நான் எழுதினேன்: "பரங்கிப்பேட்டையில கரண்டிமூக்கு கிடையாது. தங்கச்சி பறவையைப் பாத்துதா, ஐஸ்கிரீமைப் பாத்துதா?" எல்லாரும் சிரிக்கற பொம்மை போட்டாங்க. ஜான்சியும் போட்டுது.

மறுநாள் அந்தப் பொண்ணு எனக்குத் தனியா இன்னொரு போட்டோ அனுப்புச்சு. அதுல அந்தக் குட்டிப் பறவை நேரா கேமராவைப் பாத்துக்கிட்டு நிக்குது. "குரூப்புல போடலைண்ணா. நீங்க ஒரு வார்த்தை சொன்னப்புறம் போடலாம்னு இருக்கேன்." பெரிசு பண்ணிப் பாத்தேன், படம் மங்கல்தான், ஆனா என் கண்ணுக்குத் தப்புமா. கரண்டி. சந்தேகமே இல்ல. எனக்கு அந்த நேரத்துல பறவை மேல கோபம் வரல மேடம், அந்தப் பொண்ணு காட்டின மரியாதை மேலதான் வந்துச்சு. பாவம் பாத்து எனக்கு வழி விடுதாம். வாயில யாரோ எச்சில் சோத்தை ஊட்டிவிட்ட மாதிரி இருந்துது. "மூக்குல சேறு ஒட்டியிருக்கு, வேற ஒண்ணுமில்ல"ன்னு எழுதினேன். "சரிங்கண்ணா"ன்னு சொல்லிடுச்சு.

அதோட விட்டிருக்கலாம். அவ புருஷன் விடல. சென்னையில பறவை ஆராய்ச்சி பண்ற யாருக்கோ அனுப்பிட்டான். ஞாயித்துக்கிழமை காலையில நேர்ல வந்து பாக்கறோம்னு அவுங்க சொல்லிட்டாங்க. நீங்களே நியாயம் சொல்லுங்க. அவுங்க வந்து பறவையும் அங்க இருந்துட்டா, நான் அறியாதவன் மட்டுமில்ல, தெரிஞ்சே பொய் சொன்னவன். பறவை இல்லைன்னா அது வெறும் மங்கலான போட்டோ, ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போவாங்க.

கிள்ளைகிட்ட பக்கிரின்னு ஒருத்தன் வலை கட்டிக் கொக்கு, உள்ளான் பிடிச்சு வறுத்து விக்கறவன். முன்ன ஒரு தடவை உங்க ஃபாரஸ்ட் ஆளுங்களுக்குத் தகவல் குடுத்து அவனைப் பிடிச்சுக் குடுத்ததே நான்தான், அவனுக்கு அது தெரியாது. வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். வாசல்லயே குடலும் இறகுமா ஈ மொய்ச்சுக் கிடந்துது.

"அந்தக் குட்டி உள்ளானா?" பக்கிரி சிரிச்சான். "கடிச்சா எலும்புதான் மச்சான் இருக்கும். ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"எனக்கு வேணும்"னு சொன்னேன்.

"எத்தினி?"

"மேட்டுல இருக்கறது மொத்தமும்."

என்னைப் போய் மச்சான்னு கூப்பிடறான். கேட்டுக்கிட்டு நின்னேன், காரியம் ஆவணுமே.

மொத்தமும் எதுக்குன்னு கேக்கறீங்க, நல்ல கேள்வி. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். ஆனா போட்டோவுல எனக்கே பிடிபடாத வித்தியாசம், வலை கட்டறவனுக்கு எப்படிப் பிடிபடும்? அவனுக்கு எல்லாம் ஒரே கறி. ஒண்ணை விட்டுட்டு வந்தான்னா அது எதுன்னு யாருக்குத் தெரியும்? அதனால எல்லாத்தையும் எடுத்தாவணும். வேற வழி இல்ல.

சனிக்கிழமை காலையில நல்ல வெயில் வந்தப்புறம் போனேன். சிமென்ட் சாக்குல கட்டிக் கொண்டாந்திருந்தான். எல்லாத்துக்கும் கழுத்தைத் திருகியிருந்தான், ஒண்ணு ரெண்டு இன்னும் காலை உதைச்சுக்கிட்டு இருந்துது. அவன் பொண்டாட்டி ராசம்மாள் பழக்கதோஷத்துல இறகைப் பிடுங்கவே ஆரம்பிச்சுட்டா. தலையை மட்டும் தனியா வெட்டி ஒரு அலுமினிய பேசின்ல போடச் சொன்னேன். அதுல கையை விட்டு ஒவ்வொண்ணாத் திருப்பி மூக்கைப் பாத்தேன். வழவழன்னு ரத்தம், கண்ணெல்லாம் பாதி மூடியும் மூடாமலும். நாத்தம் தாங்கல. பக்கிரி பக்கத்துல குந்திக்கிட்டு பீடி இழுத்துக்கிட்டே வேடிக்கை பாத்தான். அவன் நகக்கண்ணுல அப்பியிருந்த அழுக்கைப் பாத்ததும் பேசினைக் கொஞ்சம் தள்ளி இழுத்து வெச்சுக்கிட்டேன். இந்த மாதிரி ஆளுங்களோட எப்படித்தான் ஜனங்க புழங்கறாங்களோ, சே.

பேசின் அடியில கிடந்துது. சுண்டுவிரல் நகம் அளவு கரண்டி. கழுவிப் பாத்தேன், சேறு இல்ல. ராசம்மாள் அடுப்புல போட்டேன். இறகு கருகற நாத்தத்துல அவ இருமினா.

அப்பதான் பிடுங்கின குவியல்லேருந்து ஒரு உடம்பைத் தூக்கிக் காட்டினா. "அண்ணே, இதுங் கால்ல பச்சையா என்னமோ மாட்டியிருக்குதுண்ணே." பிளாஸ்டிக் துண்டு, அதுல எழுத்து, பறவை எங்கெங்க போகுதுன்னு கண்டுபிடிக்க மாட்டற அடையாளம். ரஷ்யாவுல யாரோ அந்தப் பறவையைக் கையில பிடிச்சு, கால் ஒடியாம பதமா மாட்டி, பத்திரமாப் போயிட்டு வான்னு விட்டிருக்காங்க. இவ்வளவு தூரம் வந்திருக்குது. குப்பையில போடும்மான்னு சொல்லிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

ஞாயித்துக்கிழமை சென்னைக்காரங்களை மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான். மத்தியானம் வரைக்கும் தேடினாங்க, ஒரு உள்ளான் இல்ல. எல்லார் முன்னாலயும் ஜான்சி என்கிட்ட மன்னிப்புக் கேட்டுது. "நான்தான் தப்பாப் பாத்துட்டேன்ணா, இவுங்களையெல்லாம் அலைய வெச்சுட்டேன்." அழுதுது. மூக்கு ஒழுகுது, முந்தானையால துடைச்சுக்குது, பாக்கவே சகிக்கல. பரவால்லம்மா, போட்டோவை வெச்சுப் பறவை சொல்றது எல்லாருக்கும் வராதுன்னு ஆறுதல் சொன்னேன்.

திங்கக்கிழமை உங்க ஆபீஸுக்கு போன் பண்ணி பக்கிரி வீட்டைக் காட்டிக் குடுத்தேன். அவனை வெளிய விட்டு வெச்சா பறவைங்களுக்கு ஆபத்து. ராசம்மாள் அந்தப் பச்சைத் துண்டைக் குப்பையில போடாம சாமி படத்துக்கிட்ட வெச்சிருப்பா, சோதனைக்கு வந்த உங்க ஆளுங்க கண்ணுல அது படும்னு நான் எதிர்பாக்கல.

பக்கிரி சொன்னது அத்தனையும் நெசம் மேடம். ஆள் வெச்சது நான், தலையைப் பொறுக்கினது நான், எரிச்சது நான், அவனை உங்ககிட்ட பிடிச்சுக் குடுத்ததும் நான். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். ஆனா பறவையை நான் தப்பாச் சொன்னதா எழுதியிருக்கீங்களே, அந்த வரியை அடிச்சுடுங்க. பரங்கிப்பேட்டையில கரண்டிமூக்கு கிடையாதுன்னு சொன்னேன். ஜீப்பு வெளியதானே நிக்குது, போய்ப் பாத்துட்டு வாங்க. இருக்குதா?