மீன்காரியின் கால் நகம்

— நெஞ்சு வால்வு சுருங்கிப் போச்சுன்னு சொல்லிடு தாயி. அவ்வளவுதான் விடை. பாஸாயிடுவ.

— அம்மா, பரீட்சையில நோயாளி விடை சொல்லக் கூடாது.

— பெரிய டாக்டரு வெளிய நின்னு டீ குடிக்கிறாரு, அவருக்கென்ன கேக்கவா போவுது? ஆறு வருஷமா இந்தக் கட்டில்ல வந்து படுக்கிறேன். கிசுமு ஏரிக்கரையில மீன் பொரிக்கிற ஒச்சோலா அம்மான்னு கேட்டுப் பாரு, இங்க படிச்ச டாக்டருங்க அத்தனை பேருக்கும் தெரியும். என் நெஞ்சைக் கேட்டுத்தான் பாஸானாங்க. காலையிலேருந்து பதினோரு பேரு வந்தாச்சு. உம் பேரென்ன?

— அபோண்டி. கையைக் குடுங்கம்மா.

— எல்லாரும் நெஞ்சுல குழாயைத்தான் முதல்ல வெப்பாங்க.

— எனக்குக் கையிலேருந்து ஆரம்பிச்சாத்தான் வரும். அப்படியே நேரம் பத்தாமப் போய் ரெண்டு தடவை ஃபெயிலாயிட்டேன். இதுவும் போச்சுன்னா காலேஜை விட்டே அனுப்பிடுவாங்க.

— அப்ப வெரசா பாரு தாயி. பத்து நிமிஷத்துல மணியடிச்சிருவான்.

— நகத்துக்கடியில இதென்ன, செவப்பா கோடு கோடா?

— ஜிலேபிக் கெண்டை முள்ளு. குத்தாத நாளு உண்டா? உனக்கு முன்னால வந்ததுல ரெண்டு பேரு கேட்டாங்க. முள்ளுன்னேன், சரின்னுட்டுப் போயிட்டாங்க.

— நானும் ஏரிக்கரைக்காரிதாம்மா. பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தி தெனம் ஒரு கூடை மீன் ஆய்வேன். முள்ளு பெருவிரல்லயும் பக்கத்து விரல்லயும்தான் ஏறும். உங்களுக்கு சுண்டுவிரல்ல கூட இருக்கு. செருப்பைக் கழட்டுங்க.

— நெஞ்சு மேலல்ல இருக்கு?

— கழட்டுங்கம்மா. பாத்தீங்களா, கால் நகத்துலயும் அதே கோடு. மீனைக் காலாலயா ஆயறீங்க?

— அடியாத்தி. நானே பாக்கலையே.

— உடம்பு சுடுதே. எத்தனை நாளா?

— மூணு வாரமாச்சு. பொழுது சாஞ்சா குளுருது. மலேரியான்னு மாத்திரை போட்டுக்கிட்டேன்.

— அதுக்கு முன்னாடி பல்லு கில்லு புடுங்கினீங்களா?

— உனக்கெவ சொன்னா? போன மாசம், தெருவுல பல்லு புடுங்கறவன்கிட்ட.

— மேல பாருங்க. ம், இமைக்குள்ளயும் ரத்தப் பொட்டு. இப்ப மூச்சை இழுங்க. இடது விலாவுக்குக் கீழ வலிக்குதா?

— வலிக்குது தாயி. நீ இன்னும் குழாயையே எடுக்கல. போச்சு, மணியடிச்சுட்டான். பெரிய டாக்டரு ஒகுண்டாவும் உள்ள வந்துட்டாரு.

— சரி, நேரமாச்சு. தள்ளி நில்லு. இதயத்துல என்ன சத்தம் கேட்டுச்சு?

— கேக்கல சார். குழாயே வெக்கல.

— இதயப் பரீட்சையில இதயத்தைக் கேக்கலையா? மூணாவது தடவை வேற. சரி, மேல.

— டாக்டரே, அவளுக்கு விடை தெரியும், நானே சொன்னேன்.

— ஒச்சோலா அம்மா, நீங்க சும்மா இருங்க. சரி, மேல சொல்லு.

— வால்வு கெட்டுப்போனது பழைய கதை சார். இப்ப பல்லு புடுங்கின புண்ணு வழியா கிருமி போய் அதுல உக்காந்திருக்குன்னு நெனைக்கிறேன். அங்கேருந்து துணுக்குத் துணுக்கா ரத்தத்துல போகுது. கை நகம், கால் நகம், கண் இமை மூணுலயும் தெரியுது. மண்ணீரல் வீங்கியிருக்கு. மூணு வாரமாக் காய்ச்சல். ஒரு துணுக்கு மூளைக்குப் போச்சுன்னா அவ்வளவுதான். இவங்களை வீட்டுக்கு அனுப்பாதீங்க சார்.

— என் கையில இருக்கற விடைத்தாள்ல அதெல்லாம் இல்ல.

— தெரியும் சார். மார்க் போடாட்டி நான் மீன் ஆயப் போயிடறேன். இவங்களை வார்டுல சேத்துடுங்க.

— எத்தனையோ பேரு வந்து என்னைப் பாத்துட்டாங்க டாக்டரே. என் நாத்தம் புடிச்ச காலைத் தூக்கிப் பாத்தவ இவ ஒருத்திதான். என்ன கண்ணு இந்தப் புள்ளைக்கு.

— காலைக் காட்டுங்கம்மா. கையையும்.

— முள்ளு இல்லதானே டாக்டரே?

— முள்ளு இல்லம்மா. அபோண்டி, இந்த விடைத்தாளை எழுதினது நான். போன வருஷத்து விடையையே இன்னிக்குக் காலையில எழுதி வெச்சேன், இவங்களைத் தொட்டுக்கூடப் பாக்காம. பரீட்சை போதும். ஒச்சோலா அம்மாவுக்கு முதல்ல என்ன செய்யணும், சொல்லுங்க டாக்டர்.